கடன் கொப்பியில் எழுதப்படாதவர்கள்

எங்கள் ஒழுங்கை யாழ்ப்பாணத்துப் பலாலி வீதியில் ஏறுகிற முகப்பில் ஒரு சின்னப் பலசரக்குக் கடை இருக்கிறது. உள்ளே கால் வைத்ததும் கண்ணில் படுவது ஒரு மட்டை. "கடன் அன்பை முறிக்கும்" என்று சிவப்பு மையால் எழுதியது. வெயில் பட்டு அந்தச் சிவப்பு இப்போது செங்கல் நிறமாகிவிட்டது. மட்டைக்கு நேர் கீழே மேசை. மேசையில் ஒரு லாச்சி. லாச்சிக்குள் முதுகில் பிளாஸ்டர் ஒட்டிய சீ.ஆர். கொப்பி ஒன்று. அதுதான் கடன் கொப்பி.

கடைக்காரருக்கு அறுபது தாண்டிவிட்டது. ஊருக்கு அவர் அண்ணை. "இந்தக் காலத்தில ஒருத்தரையும் நம்பேலாது தம்பி" என்ற வசனம் அவர் வாயில் நாளுக்கு நாலு தரமாவது வரும். வரும்போது கை சும்மா இருக்காது. எதிரே நிற்கிற பெடியனுக்கு ஒரு கிலோ சீனியும் ஒரு பைக்கற் தேயிலையும் எடுத்து வைத்து, லாச்சியை இழுத்து, அவன் தாயின் பெயருக்கு நேரே தொகையை எழுதிக்கொண்டிருக்கும்.

வாய் ஒன்று சொல்ல, கை இன்னொன்று செய்கிறது. மனிதர்மேல் உள்ள அவநம்பிக்கை என்றால் என்ன, அது எப்படி ஊறுகிறது, அதிலிருந்து வெளியே வர வழி உண்டா என்று விளங்கிக்கொள்ள இந்தக் கடையைவிட நல்ல இடம் எனக்குக் கிடைக்கவில்லை.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் இதைச் சினிசிசம் என்பார்கள். கி.மு. 4ஆம் நூற்றாண்டுக் கிரேக்கத்தில் டயோஜெனிஸ் போன்ற சிலர் வீடு வாசல், பதவி, பகட்டு எல்லாவற்றையும் உதறிவிட்டுத் தெருவில் வாழ்ந்தார்கள். நாய் மாதிரிச் சீவிக்கிறார்கள் என்று ஊர் பழித்தது. நாயைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்துதான் அந்தப் பெயரே வந்தது. வேடிக்கை என்னவென்றால், இந்தப் பகட்டெல்லாம் இல்லாமல் மனிதன் இன்னும் நன்றாக வாழலாம் என்று நம்பித்தான் அவர்கள் அப்படி வாழ்ந்து காட்டினார்கள். காலம் போகப் போக அந்த நம்பிக்கை உதிர்ந்து, ஏளனம் மட்டும் மிஞ்சியது. மனிதர் அடியோடு சுயநலக்காரர், எவராவது நல்லது செய்தால் அதற்குள்ளும் ஒரு கணக்கு இருக்கும் என்ற முடிந்த முடிவுக்குத்தான் இன்று அந்தப் பெயர். தமிழில் அவநம்பிக்கை என்றே வைத்துக்கொள்வோம்.

சந்தேகம் வேறு, இது வேறு. திருவிழாக் காலத்தில் நல்லூர் வீதிகளில் தண்ணீர்ப் பந்தல் போடுவார்கள். "தண்ணி கொதிச்சாறினதோ?" என்று கேட்பவர் சந்தேகப்படுகிறவர். பதில் சரியென்றால் குடிப்பார், இல்லையென்றால் நடையைக் கட்டுவார். அப்புறம் இன்னொருவர் வருவார். மோரை வாங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, குவளையை நீட்டும்போது, "எலெக்சன் வருகுது போல" என்பார். எலெக்சன் இல்லை என்றால் பேருக்காகச் செய்கிறார்கள். பேரே போடவில்லை என்றால் புண்ணியம் தேடுகிறார்கள். எந்தப் பதிலைக் கொடுத்தாலும் அவருடைய முடிவு அசையாது. இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது. உள்ளதைச் சொன்னால், மாதத்தில் பாதி நாள் அவர் எனக்குள்ளும் இருக்கிறார்.

அவரைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். ஆனால் யாழ்ப்பாணத்தில் அவநம்பிக்கைக்கு என்ன காரணம் என்று கேட்பவர் வெளியூர்க்காரராகத்தான் இருக்க வேண்டும். 1981 இல் நூலகம் எரிந்தது. 97,000 நூல்கள் சாம்பலாயின. 1995 ஒக்டோபர் 30 இல், போர் நெருங்க, வலிகாமமே வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளிக்கிட்டது. பிறகு வந்த வாக்குறுதிகள், காணிக்கும் காணாமற்போன பிள்ளைகளுக்கும் பதில் தேடி ஏறின படிகள், வெளிநாட்டுக்கு அனுப்புகிறேன் என்று காசை வாங்கிக்கொண்டு போனவர்கள். வீட்டுக்கு வீடு ஒரு கதை உண்டு. எங்கள் வீட்டில் சீட்டுக் கதை. சீட்டுப் பிடித்த அக்கா ஏழாம் மாதம் ஒருவருக்கும் சொல்லாமல் ஊரை விட்டுப் போய்விட்டா. அம்மா அதற்குப் பிறகு எந்தச் சீட்டும் கட்டவில்லை.

ஆகவே இங்கே அவநம்பிக்கை என்பது பட்டறிவு மாதிரித் தோற்றம் தரும். பட்டதில் எதை அறிந்தோம், எதை அறியாமல் விட்டோம் என்பதுதான் கேள்வி.

1995 இடப்பெயர்வையே எடுத்துக்கொள்ளுங்கள். இரவிரவாகச் செம்மணியாலும் நாவற்குழிப் பாலத்தாலும் மழைக்குள் ஊர்ந்த சனம் தென்மராட்சியில் போய் விழுந்தது. முன்பின் தெரியாத குடும்பங்களுக்குப் படலையைத் திறந்து, விறாந்தையையும் கிணற்றையும் கொடுத்த வீடுகள் சாவகச்சேரியிலும் கொடிகாமத்திலும் இருந்தன. அந்தரத்தைப் பார்த்து விலையை ஏற்றியவர்களும் இருந்தார்கள். இரண்டும் நடந்ததுதான். அமெரிக்காவில் 1960களிலிருந்து பேரிடர்களை ஆராய்ந்துவந்த குவாரன்ரெல்லி போன்ற சமூகவியலாளர்களும் ஒன்றைத் திரும்பத் திரும்பக் கண்டார்கள். வெள்ளமோ நிலநடுக்கமோ வந்தால், படத்தில் காட்டுகிற மாதிரிச் சனம் ஒருவரையொருவர் மிதித்துக்கொண்டு ஓடுவது அரிது. இடிபாட்டை முதலில் கிளறுவது பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரர்தான்.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அந்த இடப்பெயர்வுக்குச் சரியாக ஐந்து வருடம் முன்பு, 1990 ஒக்டோபர் 30 இல், நகரத்து முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றினார்கள். எங்களுக்கு மற்றவர்கள் செய்ததை எழுதும் கொப்பியில், நாங்கள் கொடுக்கவேண்டியவர்களின் பக்கமும் உண்டு. பல வீடுகளில் அந்தப் பக்கத்தை இன்னும் புரட்டுவதில்லை. மனிதர்மேல் நம்பிக்கை வைப்பது என்றால் இதையெல்லாம் மறப்பது என்று நான் சொல்ல வரவில்லை.

இனி, மனம் எப்படிக் கணக்கெழுதுகிறது என்று பார்ப்போம். 2022 பெற்றோல் வரிசை நாட்கள் நினைவிருக்கும். ஒரு நாள் விடியப்புறம் நாலரைக்கு மோட்டர் சைக்கிளை வரிசையில் விட்டேன். என் முறை வரும்போது பதினொரு மணி. அந்த ஆறரை மணித்தியாலத்தில் முன்னால் நின்றவர் தேத்தண்ணி குடிக்கப் போனால் அவருடைய சைக்கிளை நான் உருட்டி விட்டேன். நான் போனால் அவர். பின்னால் நின்ற ஓட்டோக்காரர் தன் பாணைப் பிய்த்துத் தந்தார். வயதான ஒரு ஐயாவை மதில் நிழலில் இருத்திவிட்டு, அவருடைய மோட்டர் சைக்கிளை முன்னும் பின்னும் நின்றவர்கள் மாறி மாறித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பத்து மணியளவில் ஒருவன் இடையில் புகுந்தான். வாய்த்தர்க்கம், பிறகு கைகலப்பு, ஒருவருடைய சேர்ட் கிழிந்தது. ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து நான் சொன்ன கதை எது? சேர்ட் கிழிந்த கதைதான். "சனம் மிருகமாப் போச்சு" என்று முடித்தேன். அம்மா தலையாட்டினா.

நான் பொய் சொல்லவில்லை. மனத்தின் தராசு அப்படி. கெட்டதும் நல்லதும் ஒரே அளவில் வந்தாலும் கெட்டதுதான் கூடப் பாரமாக இறங்கும் என்று ரோய் பௌமைஸ்டரும் சகாக்களும் 2001 இல் நூற்றுக்கணக்கான ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். அதற்குக் காரணமும் உண்டு. ஒழுங்கையில் கிடந்த மல்லிகைப்பூவைக் காணாமல் போனால் நட்டமில்லை, பாம்பைக் காணாமல் போக முடியாது. செய்தியும் வட்ஸ்அப் குழுவும் இந்தத் தராசில்தான் நிறுக்கின்றன. பாணைப் பிய்த்துக் கொடுத்தவரை எவரும் படம் பிடித்துப் போடுவதில்லை. போட்டாலும் பாருங்கள், கீழே ஒருவர் வந்து "விளம்பரம்" என்று எழுதிவிடுவார்.

ஆனால் இது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி எனக்கு விளங்கினது கடையில், ஒரு மழை நாளில். வாங்க வந்தவர் ஒருவரும் இல்லை. அண்ணையிடம் கொப்பியைக் காட்டச் சொன்னேன். காசு கட்டியவர்களின் வரியை அவர் குறுக்கே வெட்டிவிடுவார். கட்டாதவர்களின் வரி வெட்டுப்படாமல் துருத்திக்கொண்டு நிற்கும். பக்கங்களைப் புரட்டினால் கண் போய் நிற்பது அங்கேதான். வெட்டின வரியெல்லாம் ஒரே கிறுக்கலாகப் பின்னால் ஒதுங்கிவிடுகிறது.

"அண்ணை, கடன் இல்லை எண்டு நீங்கள் திருப்பி அனுப்பின ஆக்களின்ர பேர் எங்க?"

"அவையளை ஏன் எழுதுறது?"

"அவையளில எத்தினை பேர் ஒழுங்காத் திருப்பித் தந்திருப்பினம்?"

"அது கடவுளுக்குத்தான் வெளிச்சம்."

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஒருவரை நம்பி ஏமாந்தால் அது உடனே தெரிந்துவிடும், தொகையோடு, திகதியோடு. நம்பவேண்டிய ஒருவரை நம்பாமல் விட்டால் என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார். அவர் நேர்மையானவர் என்பதற்கு இனிச் சாட்சியே கிடைக்காது. ஆக, நம்பினதால் வந்த பிழைகள் ஒவ்வொன்றும் கொப்பியில் ஏறுகின்றன. நம்பாததால் வந்த பிழைகள் ஒன்றுகூட ஏறுவதில்லை. பத்து வருடம் கழித்து அந்தக் கொப்பியைப் பார்ப்பவர், மனிதர் மோசம் என்றுதான் முடிவுக்கு வருவார். கொப்பியில் பொய் இல்லை. அது ஒரு பக்கத்தை மட்டும் எழுதுகிறது.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை நாடாது என்பார்கள். பூனை சுட்டதைக் கற்றுக்கொண்டது சரி. ஆனால் அன்றைக்குப் பிறகு அடுப்பு ஆறினதா என்று அதற்குத் தெரிய வழியே இல்லை. அம்மாவின் சீட்டும் அப்படித்தான். எங்கள் ஒழுங்கையிலேயே இன்னொரு சீட்டு பதினைந்து வருடம் ஒரு மாதம் தவறாமல் ஓடியது. அதில் ஒருவர் கிணற்றுக்கு மோட்டர் வாங்கினார், இன்னொருவர் மகளின் சாமத்தியச் சடங்கைச் செய்தார். அம்மா கட்டியிருந்தால் என்ன செய்திருப்பா என்று எங்களுக்குத் தெரியாது. தெரியாததால் அது நட்டமாகவே படவில்லை.

இதை ஜேர்மனியில் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். டெட்லெஃப் ஃபெச்சன்ஹவர், டேவிட் டன்னிங் இருவரும் 2010 இல் வெளியிட்ட ஆய்வு. உங்களிடம் ஏழரை யூரோ இருக்கிறது. முன்பின் பழக்கமில்லாத ஒருவரிடம் அதைக் கொடுத்தால் அது முப்பது யூரோவாகும். அவர் முழுவதையும் வைத்துக்கொள்ளலாம், பாதியைத் திருப்பி உங்களுக்குத் தரலாம். எத்தனை பேர் தருவார்கள்? பாதிப்பேர் அளவில் என்று ஆட்கள் மதிப்பிட்டார்கள். உண்மையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் தரத் தயாராக இருந்தார்கள். அதன்பின் ஒரு பிரிவினருக்கு, அவர்கள் நம்பாமல் விட்டவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்பதையும் காட்டினார்கள். அந்தப் பிரிவினரின் அவநம்பிக்கை குறைந்தது. நம்பியவர்களைப் பற்றிய முடிவை மட்டும் கண்டவர்கள் முன்பு நினைத்ததையே பிடித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் யாருக்கும் நற்சிந்தனை சொல்லவில்லை. எழுதாமல் விட்ட பக்கத்தைக் காட்டினார்கள், அவ்வளவுதான்.

இன்னொரு சோதனை 2019 இல் வந்தது, பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 40 நாடுகளில் 355 நகரங்களில் 17,000 க்கும் அதிகமான பேர்ஸ்களை "தெருவில் கண்டெடுத்தேன்" என்று வங்கி, விடுதி, தபாலகம் போன்ற இடங்களில் கொடுத்துவிட்டு, அங்கே இருப்பவர்கள் உரியவரைத் தொடர்புகொள்கிறார்களா என்று பார்த்தார்கள். காசில்லாத பேர்ஸ்களில் 40 வீதத்துக்கு மின்னஞ்சல் வந்தது. உள்ளே 13 டொலர் அளவு காசு இருந்தவற்றுக்கு 51 வீதம். மூன்று நாடுகளில் காசை 94 டொலர் ஆக்கினார்கள். அங்கே 72 வீதம். காசு கூடக் கூடத் திருப்பிக் கொடுப்பதும் கூடியது. பொதுமக்களிடமும் பொருளியல் அறிஞர்களிடமும் முன்கூட்டியே கேட்டபோது, காசு கூடினால் திருப்பிக் கொடுப்பதும் கூடும் என்று பெரும்பாலானவர்கள் எதிர்பார்க்கவில்லை. காசு கூடும்போது "நான் கள்ளன் ஆகிவிடுவேனே" என்ற கூச்சமும் கூடுகிறது என்பது ஆய்வாளர்கள் சொன்ன ஒரு விளக்கம். எல்லோரும் நல்லவர்கள் என்று இது காட்டவில்லைத்தான். காசில்லாத பேர்ஸ்களில் பாதிக்கு மேல் போனது போனதுதான். நாங்கள் போடுகிற கணக்கு எந்தப் பக்கம் பிழைக்கிறது என்பதைத்தான் அது காட்டுகிறது.

இனி, ஒருத்தரையும் நம்பாதவர் விவரமானவர் என்று ஒரு மதிப்பு ஊரில் உண்டு. கல்யாணப் பேச்சா, காணி வாங்குவதா, அவரைத்தான் கூட்டிக்கொண்டு போவோம். ஒல்கா ஸ்டாவ்ரோவாவும் டானியல் ஏலெபிராக்டும் 30 நாடுகளில் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேரின் தரவைப் பார்த்தார்கள். சிந்தனைத் திறன் சோதனைகளில் அவநம்பிக்கை கூடினவர்கள் சராசரியாகக் குறைவாகவே செய்திருந்தார்கள். எனக்கு இதில் பெரிய ஆச்சரியம் இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரே விடையை வைத்திருப்பவர் யோசிக்கவேண்டிய தேவை குறைவு.

அதைவிட மோசமானது ஒன்று உண்டு. நம்பாமை தானே தனக்குச் சாட்சி தேடிக்கொள்ளும். அமெரிக்காவின் பொஸ்டன் தீயணைப்புப் படையில் சுகவீன விடுமுறைக்கு எல்லை இல்லாமல் இருந்தது. 2001 டிசம்பரில் தலைமை அதை வருடத்துக்கு 15 நாளாகக் கட்டியது. மீறினால் சம்பளம் வெட்டு. அந்த நத்தாருக்கும் புதுவருடத்துக்கும் சுகமில்லை என்று அறிவித்தவர்கள் முந்தைய வருடத்தைப்போலப் பத்து மடங்கு. கள்ளனாகப் பார்த்தார்கள், கள்ளனாக நடந்துகொண்டார்கள். அந்த எல்லையைக் கட்டிய அதிகாரி "நான் சொன்னன்தானே" என்றிருப்பார்.

எங்கள் கரையோர வாழ்க்கையோடு ஒத்துப்போகிற ஒரு ஆய்வு பிரேசிலில் நடந்தது. அருகருகே இரண்டு மீன்பிடிச் சமூகங்கள். ஒன்று கடலில், பெரிய வள்ளத்தில் பலர் சேர்ந்து தொழில் செய்வது. மற்றது ஏரியில், தனித்தனியாக. பங்கிடுவதிலும் நம்புவதிலும் பொதுக் காரியத்துக்குக் கொடுப்பதிலும் கடல்காரர் கூடுதலாக நின்றார்கள். ஏரிக்காரரிடம் தொழிலில் வருடம் ஏற ஏறப் போட்டிக் குணம் கூடியது, கடல்காரரிடம் குறைந்தது. பிறவிக் குணம் என்று நாங்கள் நினைப்பதில் எவ்வளவோ தொழில் பழக்கியது. வடமராட்சியில் கரைவலை இழுப்பதை ஒரு தரம் பார்த்தால் இது விளங்கும். பக்கத்தில் இழுப்பவனை நம்பாமல் அந்தக் கயிற்றைப் பிடிக்கவே முடியாது. ஒரு முழ வேலிக்காகத் தலைமுறை தலைமுறையாக வழக்காடுகிற தோட்டக்காரர்கூட, நாலு பேர் பங்குக் கிணற்றில் தன் முறை வரும்வரை காத்திருந்துதான் இறைக்கிறார்.

சரி, இதிலிருந்து வெளியே வருவது எப்படி? எல்லோரையும் நம்புங்கள் என்று சொன்னால் அண்ணை என்னைக் கடையை விட்டே துரத்துவார். அவரிடம் இருக்கிற வழியைத்தான் சொல்கிறேன். ஒழுங்கைக்குப் புதிதாக வாடகைக்கு வருகிறவர்களுக்கு அவர் முதல் மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் எழுதமாட்டார். கட்டினால் அடுத்த மாதம் மூவாயிரம். போனால் ஆயிரத்தோடு போகட்டும் என்பது அவர் கணக்கு. ஆனால் அந்த முதல் ஆயிரத்தை அவர் கொடுக்காமல் விடுவதில்லை. கொடுக்காவிட்டால் ஆளைத் தெரிய வழியில்லை. வள்ளுவரும் தெரிந்துதெளிதல் என்று ஒரு அதிகாரமே வைத்து, ஆராயாமல் நம்புவதும் தொல்லை, நம்பியபின் ஐயப்படுவதும் தொல்லை என்கிறார். தாங்கக்கூடிய நட்டத்துக்குள் நம்பிப் பார்ப்பது ஒரு பரிசோதனை. பூனை அடுப்பைத் தொடவேண்டாம். கிட்டப் போய்ச் சூடு இருக்கிறதா என்று பார்க்கலாம்.

ஒன்று மட்டும் வலியுறுத்திச் சொல்வேன். மனிதரை நம்புவதும் பதவியில் இருப்பவர்களைக் கேள்வி கேட்காமல் விடுவதும் ஒன்றல்ல. சொல்லப்போனால் "எல்லாரும் கள்ளர்தானே" என்ற பேச்சில் உண்மையான கள்ளனுக்குத்தான் கொண்டாட்டம். எல்லோரும் கள்ளர் என்றால் அவனைத் தனியாக ஏன் பிடிப்பது?

நான் செய்து பார்க்கிற இன்னொன்று உண்டு. சொல்லக் கொஞ்சம் வெட்கம்தான். இரவுச் சாப்பாட்டின்போது அன்று கண்ட ஒரு ஒழுங்கான காரியத்தைச் சொல்வது. பஸ்ஸில் மிச்சக் காசைத் தேடி வந்து தந்த நடத்துனர், அப்படி ஏதாவது. முதல் கிழமை அம்மா, "உதென்ன புதினம்?" என்றா. இப்போது சில நாட்களில் அவவே முந்திக்கொள்கிறா. சேர்ட் கிழிந்த கதைகளும் வரத்தான் செய்கின்றன.

அந்த மழை நாளுக்கு வருகிறேன். மழை விடுகிற மாதிரி இல்லை. "அண்ணை, ஒரு பக்கத்தை எண்ணிப் பாப்பமே?" என்றேன். வேறு வேலை இல்லாததால் சம்மதித்தார். மாசி மாதத்துப் பக்கம் ஒன்று. முப்பத்தொரு வரி. வெட்டினது இருபத்தொன்பது. அவர் கண்ணாடியைக் கழற்றிச் சாரத்தில் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் எண்ணினார். இருபத்தொன்பதுதான்.

"மற்ற ரெண்டும் ஆர்?"

மேல் வரியில் விரலை வைத்தார். "இவை சுன்னாகத்துக்கு வீடு மாறிப் போட்டினம். கொண்டு வந்து தருவினம்."

பிறகு விரல் கீழே இறங்கியது. ஒரு பால்மாப் பெட்டி, ஒரு பாண், இரண்டு முட்டை.

"இது உம்மட, தம்பி."